புது வீடு கட்டுகிறீர்களா? காசை முதலில் எங்கே போடுவது

மனை பூஜை முடிந்த கையோடு கான்ட்ராக்டர் ஒரு தாளை நீட்டுவார். போர்டிகோவுக்கு கிரானைட், ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், முன்பக்கம் எலிவேஷன் டைல்ஸ், மாடிப்படிக்குக் கண்ணாடிக் கைப்பிடி, வாசல் கேட்டுக்கு மோட்டார் என்று இருபது இருபத்தைந்து வரி இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. "இதெல்லாம் எக்ஸ்ட்ரா சார், இப்பவே சொல்லிட்டீங்கன்னா சேர்த்துச் செஞ்சிடலாம்" என்பார். முதல்முறை வீடு கட்டுகிறவர்களுக்கு அதைப் பார்த்ததும் தலை சுற்றும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் வேண்டும் போலத்தான் இருக்கும், கூட்டிப் பார்த்தால் நாலைந்து லட்சம் எகிறியிருக்கும்.

திருச்சிக்கு வெளியே 1,150 சதுரடியில் நாங்கள் வீடு கட்டி எட்டு வருஷம் ஆகிறது. இப்போது தங்கை வீட்டு வேலை நடக்கிறது, வாரத்தில் இரண்டு நாள் அங்கேதான் நிற்கிறேன். எங்கள் வீட்டில் எதற்குச் செலவழித்தோம், எதை விட்டோம், எதை நினைத்து இன்றைக்கும் வருத்தப்படுகிறோம் என்பதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். குடி போன பிறகு இதைச் செய்வதென்றால் எதை உடைக்க வேண்டும்? தரையையோ சுவரையோ கூரையையோ உடைக்க வேண்டும் என்றால் இப்போதே செய்துவிடுங்கள். எதையும் உடைக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து மாட்டிவிட்டுப் போகலாம் என்றால் அது காத்திருக்கட்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தத் தாளில் கண்ணுக்குத் தெரிகிற சாமான் மட்டும்தான் இருக்கும். மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் போகிறவற்றை யாரும் எழுதித் தர மாட்டார்கள், நாம்தான் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

முதல் வேலை: பிளான் பேப்பரில் இருக்கும்போதே திருத்துவது

பேப்பரில் ஒரு கோட்டை நகர்த்தக் காசு கிடையாது. இன்னும் பதினைந்து வருஷம் கழித்து இந்த வீட்டில் யார் யார் இருப்பார்கள், அப்போது அவர்களுக்கு என்ன வயதாகியிருக்கும் என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறை, அதை ஒட்டியே ஒரு பாத்ரூம், அதில் வெஸ்டர்ன் டாய்லெட், இந்த மூன்றையும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்த பாத்ரூம் கதவின் அகலத்தை நீங்களே பாருங்கள். எங்கள் வீட்டில் வழக்கம்போல இரண்டரை அடி நிலைதான் வைத்தோம். இரண்டு பக்கச் சட்டமும் போக உள்ளே கிடைத்தது இரண்டு அடிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆகி வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்தபோது வாக்கரின் கால்கள் நிலையில் இடித்து நின்றுவிட்டன. வாக்கரை வெளியே விட்டுவிட்டு, ஒரு கையில் நிலையையும் இன்னொரு கையில் என் தோளையும் பிடித்தபடி அம்மா பக்கவாட்டில் திரும்பித் திரும்பி உள்ளே போன அந்த மூன்று மாதத்தை மறக்க முடியாது. கதவைப் பெரிதாக்க வேண்டும் என்றால் நிலை, சுவர், டைல்ஸ் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும் என்பதால் அப்படியே விட்டோம். தங்கை வீட்டில் 3 அடி நிலை வைத்துவிட்டோம், கூடுதலாக ஆனது அரை அடி மரமும் கொஞ்சம் கதவுப் பலகையும்தான். டாய்லெட் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும் என்றால் அதை எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம்.

மாடிப்படியும் இப்படித்தான். படி உயரம் 6 அல்லது 6.5 அங்குலம், கால் வைக்கிற அகலம் 10 முதல் 11 அங்குலம் இருந்தால் வயதானவர்கள் ஏறுவார்கள். இடத்தை மிச்சப்படுத்த மேஸ்திரி உயரத்தை 7.5 ஆக்கிவிடுவது உண்டு, பிளானிலேயே அளவை எழுதிவிட்டால் அந்தப் பேச்சு வராது. பிற்பாடு மாடி எடுக்கும் எண்ணம் லேசாக இருந்தாலும் இப்போதே இன்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள், அஸ்திவாரமும் பில்லர் கம்பியும் அந்தப் பாரத்துக்குத் தகுந்த மாதிரி கணக்குப் போட வேண்டும். படிக்கட்டு வீட்டுக்கு வெளியே இருந்தால் மாடியை வாடகைக்கு விட வசதி.

அப்புறம் மேற்குச் சுவர். மூன்று மணி வெயில் அந்தச் சுவரில் இறங்கினால் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். மேற்குப் பக்கம் படுக்கையறை வந்தே தீரும் என்றால் அந்தச் சுவர் 9 அங்குலச் சுவராகவே இருக்கட்டும், உள்ளே அந்தப் பக்கமாக அலமாரியை வையுங்கள். முடிந்தால் மாடிப்படியையோ பாத்ரூமையோ மேற்கே தள்ளிவிடுங்கள்.

மண்ணுக்குள் போகிறவை

மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு மொத்த வீட்டுச் செலவில் கண்ணுக்கே தெரியாது, ஆனால் கரிசலோ களிமண்ணோ உள்ள இடத்தில் அதைச் செய்யாமல் அஸ்திவாரம் போடுவது பெரிய தப்பு. அந்த மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், சுவரில் விரிசல் விழும். பேஸ்மட்டம், அதாவது அஸ்திவாரத்துக்கு மேல் வீட்டுத் தரை வரைக்குமான பகுதி, ரோட்டிலிருந்து 3 அடி உயரமாவது இருக்கட்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புது ரோடு போடப் போட ரோடு உயர்ந்துகொண்டே போகிறது. எங்கள் தெருவில் இரண்டு பழைய வீடுகளுக்கு இப்போது படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும், ஐப்பசி மழைக்கு ஹாலில் தண்ணீர் நிற்கிறது.

கரையான் மருந்து அடிக்கச் சரியான நேரம் ஒன்று உண்டு. பேஸ்மட்டத்தில் மண் நிரப்பி இறுக்கிய பிறகு, தரைக் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் அடிக்க வேண்டும். டைல்ஸ் போட்ட பிறகு அடிப்பதென்றால் சுவரோரமாகத் தரையில் வரிசையாக ஓட்டை போட்டு ஊற்ற வேண்டியிருக்கும். மருந்து அடிக்கிற அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நேரில் நின்று பாருங்கள்.

கரண்ட் வேலை: இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறோம்

சுவர் எழும்பி, எலக்ட்ரீசியன் காடி (வயர் பைப் பதிக்கச் சுவரில் வெட்டும் பள்ளம்) எடுக்க வருகிற நாளுக்கு முந்தின நாள் மாலை, வீட்டில் எல்லோரும் கையில் சாக்பீஸோடு போங்கள். கட்டில் எங்கே வரும், டிவி எங்கே, ஃபிரிட்ஜ் எங்கே, கிரைண்டர் எங்கே என்று தரையில் வரையுங்கள். ராத்திரி எழுந்தால் கை எந்தச் சுவரைத் தேடும் என்று நடந்து பார்த்துச் சுவரில் குறியுங்கள். கட்டிலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிளக், கட்டில் ஓரத்திலும் கதவோரத்திலும் ஒரே லைட்டுக்கு டூ-வே சுவிட்ச், மாடிப்படிக்குக் கீழும் மேலும் அதே போல. சமையலறை மேடைக்கு மேல் மட்டும் நாலு பிளக் வேண்டும். மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன், தண்ணீர் சுத்திகரிப்பான் என்று எண்ணிப் பாருங்கள், நாலும் பத்தாது.

வயர் விஷயத்தில் கணக்கு எளிது. லைட், ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், சாதாரண பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 ஸ்கொயர், அதுவும் போர்டிலிருந்து தனித்தனி லைனாக. இப்போது ஏசி வாங்கப் போவதில்லை என்றாலும் எல்லாப் படுக்கையறைக்கும் அந்த லைனை இழுத்துவிடுங்கள், ஏசி தண்ணீர் வடிகிற பைப்பையும் சுவருக்குள்ளேயே விட்டுவிடுங்கள். போர்டில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி கட்டாயம் இருக்கட்டும். ஈரக் கையோடு கீசரையோ வாஷிங் மெஷினையோ தொட்டு ஷாக் அடித்தால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் கரண்டைத் துண்டிக்கும். இதில் மட்டும் பேரம் பேசாதீர்கள். எர்த் குழி இரண்டு போடுங்கள். இன்வெர்ட்டர் லைனையும் இப்போதே தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

நாளைக்கு வரப்போகிறவற்றுக்கு இன்றைக்கு வெறும் பைப் போட்டு வைத்தால் போதும். மொட்டைமாடியிலிருந்து மீட்டர் பாக்ஸ் வரை சோலாருக்கு ஒரு பைப், தெருவிலிருந்து ஹால் வரை இன்டர்நெட் ஃபைபருக்கு ஒன்று, வீட்டின் நாலு மூலைக்கும் கேமரா வயருக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் இழுப்பதற்கு ஒரு நைலான் கயிற்றை விட்டுவையுங்கள். போர்டிகோவில் 4 ஸ்கொயர் லைனோடு 16 ஆம்ப் பிளக் ஒன்று இருந்தால் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கும் அன்றைக்குக் கவலை இல்லை. வீட்டுக் கூரை சோலாருக்கு 2024இல் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுரடி நிழல் விழாத இடம் வேண்டும். வாஸ்துப்படி தண்ணீர்த் தொட்டியையும் மாடிப்படி ரூமையும் கன்னி மூலையில் (தென்மேற்கில்) ஏற்றி வைப்பது நம் வழக்கம், அதன் நிழல் மதியத்துக்கு மேல் மாடியின் வடகிழக்குப் பக்கமாக விழும். வாஸ்துவை மாற்றச் சொல்லவில்லை. அந்த நிழல் எவ்வளவு தூரம் வரும், பேனலுக்கு எது மிச்சம் என்று மாடிப் பிளானிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வீடியோ. பூச்சு வேலைக்கு முந்தின நாள், ஒவ்வொரு அறையிலும் நாலு சுவரையும் போனில் எடுங்கள். சும்மா எடுத்தால் பிரயோஜனமில்லை, காடி போகும் இடத்தில் டேப்பை விரித்துப் பிடிக்க வேண்டும்: ஜன்னலிலிருந்து எத்தனை அடி, தரையிலிருந்து எத்தனை அடி. எங்கள் ஹாலில் சாமி படம் மாட்ட ஒரு ஆணிதான் அடித்தோம், பின்னால் பாத்ரூமுக்குப் போகிற தண்ணீர் பைப். தண்ணீர் பீய்ச்சி அடித்து, புதுசாகப் பெயின்ட் அடித்த சுவரை இரண்டடிக்கு உடைத்துத்தான் சரி செய்தோம். தங்கை வீட்டில் அறைக்கு ஒரு வீடியோவாக எடுத்து, குடும்பத்தில் நாலு பேர் போனிலும் வைத்திருக்கிறோம்.

தண்ணீர்

நம் ஊரில் வீட்டின் நிம்மதி தண்ணீரில்தான் இருக்கிறது. சம்ப் அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் கணக்குப் பண்ணுங்கள். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர், உள்ளளவு 6 அடிக்கு 6 அடிக்கு 6 அடி வருகிற மாதிரி கட்டினால் 6,100 லிட்டர் நிற்கும். லாரித் தண்ணீர் வாங்குகிற ஏரியா என்றால் ஒரு லோடு முழுசாகக் கொள்ளுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சம்ப் மூடி தரை மட்டத்துக்கு அரை அடி மேலே இருக்கட்டும், இல்லையென்றால் மழைக்குத் தெருத் தண்ணீரும் உள்ளே போய்விடும். செப்டிக் டேங்கை இடம் அனுமதிக்கிற வரை சம்ப்பிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிற இடத்தில் இரண்டு லைன் கட்டாயம். உப்புத் தண்ணீருக்கு ஒரு தொட்டி, நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி மாடியில் வைத்து, சமையலறைக்கும் கை கழுவும் இடத்துக்கும் வாஷிங் மெஷினுக்கும் கீசருக்கும் நல்ல தண்ணீர் லைனைக் கொடுங்கள். நாங்கள் ஒரே லைனோடு விட்டோம், எட்டு வருஷத்தில் இரண்டு கீசர் மாற்றியாகிவிட்டது, குழாய் எல்லாம் வெள்ளையாகப் பூத்துப் போயிற்று. கூடுதல் பைப்புக்கு ஆகிற செலவைவிட அந்த இரண்டு கீசர் அதிகம். ஒவ்வொரு பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் தனித்தனி வால்வு வையுங்கள், ஒரு குழாய் ஒழுகினால் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டாம்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003இலிருந்தே கட்டாயம். பிளான் அப்ரூவலுக்காகப் பெயருக்கு ஒரு குழி வெட்டி மூடிவிடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். 1,000 சதுரடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர், ராத்திரி 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல். மாடித் தண்ணீர் இறங்கும் பைப்புகளை ஒன்றாக இணைத்து, முதல் மழையின் அழுக்கு வெளியே போக ஒரு வால்வு வைத்து, மணலும் ஜல்லியும் நிரப்பிய வடிகட்டி வழியாக ஒரு பங்கைச் சம்ப்புக்கும் மிச்சத்தைப் போர் பக்கத்துக் குழிக்கும் விடுங்கள். கட்டும்போதே செய்தால் இது கொஞ்சம் பைப்பும் ஒரு நாள் கொத்தனார் கூலியும்.

பாத்ரூமும் மொட்டைமாடியும்

வீட்டில் ஓதம் வருவதற்கு முக்கியமான இடங்கள் இவை இரண்டும். பாத்ரூம் தரைக்குக் கீழே பள்ளமாக விட்ட ஸ்லாப்பில் வாட்டர்ப்ரூஃப் பூசிய பிறகு, தண்ணீர் நிரப்பி 48 மணி நேரம் விடச் சொல்லுங்கள். சுவரில் பென்சிலால் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டுவிட்டு வாருங்கள். இரண்டு நாள் கழித்துக் கோட்டிலிருந்து தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தாலோ, கீழே சீலிங்கில் ஈரம் தெரிந்தாலோ மறுபடி பூசட்டும், டைல்ஸ் வேலை அதுவரை நிற்கட்டும். சுவருக்குள் போகும் பைப்பையும் மூடுவதற்கு முன்னால் பிரஷர் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தரை டைல்ஸ் வழுக்காத ரகமாக இருக்க வேண்டும், பளபளப்பைச் சுவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரூஃப் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவது காசில்லாத வேலை, அதனாலேயே அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். இப்போது கடையில் பெரும்பாலும் கிடைக்கும் பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்ட்டுக்குக் குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பிறகு மாடிக்குமேல் வெயில் தாங்க ஏதாவது ஒன்று செய்தே ஆக வேண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிப்பது பழைய வழி, ஆள் கிடைத்தால் இன்றும் நல்லது. இல்லையென்றால் வெள்ளை கூல் டைல்ஸ். எதைப் போட்டாலும் தண்ணீர் வடிகிற வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.

சமையலறையில் மேடை உயரத்தை அங்கே நிற்கப் போகிறவரை நிற்க வைத்து அளந்து முடிவு செய்யுங்கள், பொதுவாக 32 முதல் 34 அங்குலம் வரும். சிலிண்டர் வெளியே இருந்து பைப் உள்ளே வரட்டும், எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஓட்டை விட மறக்காதீர்கள். எல்லா ஜன்னலுக்கும் கொசுவலைக் கதவு, இதுவும் முதலிலேயே.

காத்திருக்கக் கூடியவை

ஃபால்ஸ் சீலிங், எலிவேஷன் டைல்ஸ், மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், கேட் மோட்டார், போனில் லைட் போடுகிற வசதி, அலங்கார விளக்கு எல்லாம் பிறகு வரலாம். எங்கள் ஹாலில் ஃபால்ஸ் சீலிங்குக்கு அன்றைக்கு 1,10,000 ரூபாய் ஆயிற்று. அந்தப் பணத்தில் இரண்டாவது தண்ணீர் லைன், பாத்ரூம் கதவு, மாடிக்குக் கூல் டைல்ஸ் மூன்றும் முடிந்திருக்கும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். சமையலறைக்குக் கடப்பா தட்டு வைத்துக் குடி போய், ஒரு வருஷம் சமைத்த பிறகு எந்தப் பாத்திரம் எங்கே வேண்டும் என்று தெரிந்து மாடுலர் செய்தால் அது இன்னும் உபயோகமாக இருக்கும். இவற்றுக்கு இப்போது தேவை வயரும் பைப்பும் மட்டும்தான்: கேட் வரை ஒரு பைப், ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸிலும் ஒரு நியூட்ரல் வயர். அந்த நியூட்ரல் இல்லாமல் பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்ச்கள் வேலை செய்யாது.

எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்

சதுரடிக்கு இவ்வளவு என்று பேசினால் அதற்குள் எது அடக்கம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சிமெண்ட், கம்பி, வயர், பைப், சுவிட்ச் எல்லாவற்றுக்கும் கம்பெனிப் பெயர், டைல்ஸுக்குச் சதுரடி விலை, நிலைக்கு என்ன மரம், சம்ப் எத்தனை லிட்டர். எக்ஸ்ட்ரா வேலை வந்தால் விலையைக் கேட்டு, இரண்டு வரி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். கையில் உள்ள பணத்தில் பத்துக்கு ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள், காம்பவுண்டு சுவரும் ஈபி இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிரகப்பிரவேசமும் கடைசியில் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். பணத்தை வேலை முடிந்த அளவுக்குக் கொடுங்கள், பேஸ்மட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட்), ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாக.

டைல்ஸ் வேலை முடிந்ததும் மிச்சமாகும் பெட்டிகளை ஆட்கள் வண்டியில் ஏற்றுவதற்குள் ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பெட்டியை எடுத்துப் பரணில் போட்டுவிடுங்கள். மூன்று வருஷம் கழித்து அதே டைல்ஸ் கடையில் கிடைக்காது, கிடைத்தாலும் நிறம் ஒத்துப்போகாது. பெட்டியின் மேல் மார்க்கரால் எந்த அறைக்கு உரியது என்று பெரிதாக எழுதி வையுங்கள், பெயின்ட் டப்பா மூடியில் இருக்கும் ஷேடு நம்பரையும் அதன் பக்கத்திலேயே எழுதிவிடலாம்.